கணினி கண்ணயரும் நேரம்

இரவு ஒன்பது மணி. கடையைப் பூட்டும் முன் ஒரு பெரிய கோப்பை இறங்கப் போட்டுவிட்டுப் போகிறோம். காலையில் வந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. ஏதோ ஒரு விசையைத் தட்டினால் உயிர் வருகிறது. கோப்போ கால்வாசிகூட இறங்கவில்லை. நாம் கிளம்பிய சிறிது நேரத்திலேயே கணினி உறங்கிப்போயிருக்கிறது.

எரிச்சல் அடங்கியபின் யோசித்தால் இதில் இரண்டு புதிர்கள் இருப்பது தெரியும். நாம் எழுந்து போனது அதற்கு எப்படித் தெரிந்தது? தன் வயிற்றுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த வேலை அதற்கு எப்படித் தெரியாமல் போனது?

விடை தேட ஓர் இடம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது சேத்தூர். அங்கே கடைத்தெருவில் ஒரு கணினி மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மேசைக் கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம் என்று ஆட்கள் வந்துபோகிறார்கள். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிறார்கள். இந்த அத்தியாயம் முழுக்க இந்தக் கற்பனைக் கடையை விட்டு நாம் அதிக தூரம் போகப்போவதில்லை.

தொட்டால்தான் தெரியும்

முதல் புதிருக்கு விடை எளிது. நாம் போனது கணினிக்குத் தெரியவே தெரியாது. கடைசியாக விசைப்பலகையோ மவுஸோ எப்போது அசைந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒவ்வொரு தட்டலின்போதும் இயங்குதளம் ஒரு கடிகாரத்தைச் சுழியத்துக்குத் திருப்பி வைக்கிறது. நாம் கை வைக்காத வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். குறித்துவைத்த நிமிடத்தை எட்டியதும், ஆள் இல்லை என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது. இப்படிக் கை படாமல் கழியும் நேரத்தை 'வெற்றுநேரம்' என்று அழைப்போம்.

கணினி எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு நீளமான அரசாணையை அசையாமல் படித்துக்கொண்டிருப்பவரும் அதன் கணக்கில் இல்லாத ஆள்தான். மேசை ஆடி மவுஸ் சற்று நகர்ந்தால், பூட்டிய கடைக்குள்ளும் ஆள் இருப்பதாக அது நம்பிவிடும்.

இரண்டாவது புதிருக்கும் இங்கேயே விடை இருக்கிறது. கோப்பு இறங்குவது விசைத் தட்டல் அல்ல. எனவே அது அந்தக் கடிகாரத்தைத் தொடுவதில்லை. உறங்க வேண்டாம் என்று நினைக்கும் நிரல் தானாக முன்வந்து இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். திரைப்படம் ஓட்டும் நிரல்கள் இப்படிக் கேட்கின்றன. அதனால்தான் மூன்று மணி நேரப் படம் பார்க்கும்போது நடுவில் திரை அணைவதில்லை. இந்த வேண்டுகோளை 'விழிப்புக் கோரிக்கை' எனலாம். கோரிக்கை வைக்கும் பழக்கம் உள்ள நிரலில் கோப்பை இறக்கினால் அது முழுதாக இறங்கும். அந்தப் பழக்கம் இல்லாத நிரல் என்றால் பாதியில் நிற்கும். வேலை அதேதான், கேட்டதா கேட்கவில்லையா என்பதில்தான் வித்தியாசம்.

'ஒருபோதும் வேண்டாம்' என்று சொன்ன பிறகும்

சிலர் அமைப்புகளுக்குள் போய், உறங்கும் நேரம் என்ற இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பிறகும் கணினி உறங்கினால் பேய் பிடித்ததோ என்று தோன்றும். லினக்ஸ் பயன்படுத்துவோர் பலர் 2018-இல் இந்தக் குழப்பத்தைச் சந்தித்தார்கள். அந்த ஆண்டு வந்த ஃபெடோரா 28, மின்இணைப்பில் இருக்கும் கணினியையும் 20 நிமிட வெற்றுநேரத்துக்குப் பின் உறங்கவைத்தது. அதற்கு முன்புவரை, பேட்டரியில் ஓடும் மடிக்கணினிக்குத்தான் அந்தக் கவலை என்று மேசைக் கணினிக்காரர்கள் நினைத்திருந்தார்கள்.

அமைப்பை மாற்றியவர்களின் கணினியும் உறங்கியதற்குக் காரணம் உண்டு. ஃபெடோராவில் இந்த அமைப்பு அந்தந்தப் பயனருக்கு உரியது. கணினியைத் திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு முகப்புத் திரை வருகிறதல்லவா? அந்த நேரத்தில் உள்ளே எந்தப் பயனரும் இல்லை. முகப்பைக் காட்டும் நிரலே ஒரு தனிப் பயனராக ஓடுகிறது, அதற்கென்று தனி அமைப்புகளோடு. நாம் 'வேண்டாம்' என்று சொன்னது நம் கணக்கில். 20 நிமிடம் என்று எழுதியிருப்பது அதன் கணக்கில். மின்தடைக்குப் பிறகு தானாக எழுந்து முகப்புத் திரையில் நிற்கும் கணினி, 20 நிமிடத்தில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

நம் சேத்தூர்க் கடையிலும் இதற்கு இணையான தொல்லை ஒன்று வரும். மூன்று கணினிகளில் ஒன்றை 'மெயின் சிஸ்டம்' என்பார்கள். பிரிண்டர் அதில்தான் இணைந்திருக்கும். வாடிக்கையாளர் படிவங்கள் உள்ள பொதுக் கோப்புறையும் அதில்தான். அதன் முன்னால் யாரும் உட்காரவில்லை என்றால் அது உறங்கும். பக்கத்துக் கணினியில் அச்சுக்குக் கொடுத்தவர் காத்திருப்பார். "அண்ணே, பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது" என்று குரல் வரும். பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வழிவிட வேண்டிய கணினி தூங்குகிறது.

விசைக்கும் விசைக்கும் நடுவே

உறங்கவைக்கத்தான் வேண்டுமா? விழித்தே இருந்தால் என்ன?

விழித்திருக்கும் கணினியே பாதி நேரம் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. செயலி, அதாவது ப்ராசசர், 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது என்றால் நொடிக்கு 300 கோடித் துடிப்புகள். நொடிக்கு ஐந்து விசை தட்டும் தேர்ந்த தட்டச்சர் ஒருவர் அதன் முன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தட்டல்களுக்கு இடையே அவருக்குக் கழிவது ஐந்தில் ஒரு நொடி. செயலிக்கோ அது 60 கோடித் துடிப்புகள். ஓர் எழுத்தைத் திரையில் வரைய அதில் மிகச் சிறு பகுதி போதும். மீதி நேரத்தில் செயலி தன் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, அடுத்த தட்டலுக்குக் காத்திருக்கிறது. இந்தக் குட்டித் தூக்கங்கள் நமக்குத் தெரிவதே இல்லை.

செயலி இப்படிச் சிக்கனமாக இருந்தும், யாரும் தொடாத கணினி ஏன் மின்சாரம் இழுக்கிறது? செயலியைத் தவிர மற்ற எல்லாம் விழித்திருப்பதால். பழைய வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று என்று சுழன்றுகொண்டே இருக்கிறது. மின்விசிறிகள் ஓடுகின்றன. தாய்ப்பலகை, நினைவகம், வரைகலைச் சில்லு, நெட்வொர்க் சில்லு எல்லாம் ஆளுக்குச் சில வாட் எடுக்கின்றன. 230 வோல்ட்டைச் சிறிய வோல்ட்டுகளாக மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் மாற்றும்போது ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. குறைந்த சுமையில் அந்த இழப்பின் விகிதம் இன்னும் கூடும். செயலியின் குட்டித் தூக்கம் இவற்றைத் தொடுவதில்லை. இவற்றையும் சேர்த்து நிறுத்த வேண்டுமானால் கணினி முழுவதும் உறங்க வேண்டும்.

சிறுதுயிலும் பெருந்துயிலும்

உறக்கம் இரண்டு வகை. நாம் ஸ்லீப் என்று அழைப்பதைச் 'சிறுதுயில்' என்றும், ஹைபர்னேட் என்பதைப் 'பெருந்துயில்' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, திறந்து வைத்த வேலையை எங்கே பாதுகாப்பது என்பதில் இருக்கிறது.

நாம் திறந்து வைத்த படிவம், பாதி தட்டிய கடிதம் எல்லாம் ரேம் என்னும் நினைவகத்தில் இருக்கின்றன. 1968-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது இது. ஒவ்வொரு துணுக்குத் தகவலுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி, அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். எளிமையான அமைப்பு, அதனால்தான் மலிவாக, கோடிக்கணக்கில் அடுக்க முடிந்தது. 8 ஜி.பி. ரேமில் ஏறத்தாழ 6,870 கோடி மின்தேக்கிகள் இருக்கின்றன.

அவற்றுக்கு ஒரு குறை. எல்லாமே ஒழுகும் குடங்கள். ஊற்றி வைத்த மின்னூட்டம் தானாகக் கசிந்துவிடும். எனவே ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, நிரம்பியிருந்ததை மறுபடி நிரப்ப வேண்டும். வழக்கமான விதி, 64 மில்லிநொடிக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும் என்பது. ஒரு நொடியில் பதினைந்து சுற்றுக்கும் மேல்!

சிறுதுயிலில் கணினி மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இந்த நிரப்பும் வேலையை மட்டும் ரேமிடமே ஒப்படைத்துவிடுகிறது. அதற்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. எழுப்பினால் இரண்டு மூன்று நொடியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பெருந்துயிலில் ரேமில் உள்ளதை அப்படியே வன்தட்டில் எழுதிவிட்டு, ரேமையும் அணைத்துவிடுகிறது. வன்தட்டும் எஸ்.எஸ்.டி.யும் மின்சாரம் இல்லாமலே தகவலை வைத்திருக்கக் கூடியவை. எழும்போது எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும். எஸ்.எஸ்.டி. என்றால் சில நொடிகள். பழைய வன்தட்டு என்றால் அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

சுருங்கச் சொன்னால், சிறுதுயில் மின்சாரம் தொடர்ந்து வரும் என்று நம்பிப் படுப்பது. பெருந்துயிலுக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை.

இருபது நிமிடம் யார் கணக்கு?

உறங்கும் கணினி என்ற எண்ணத்துக்கு முன்பே ஸ்கிரீன் சேவர் இருந்தது. தொண்ணூறுகளில் கணினி மையங்களுக்குப் போனவர்களுக்குத் திரையில் நீந்திய மீன்களும், வளர்ந்துகொண்டே போன குழாய்களும் நினைவிருக்கும். அவை மின்சாரத்தைச் சேமிக்க வந்தவை அல்ல. பழைய பிக்சர் டியூப் திரையில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் பதிந்துவிடும். அதைத் தவிர்க்க வந்தவை. மீன் நீந்தும்போதும் திரை முழு மின்சாரம் எடுத்தது.

மின்சாரக் கவலை 1992-இல் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த ஆண்டு எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையைத் தொடங்கியது. அதன் முதல் இலக்கே கணினிகளும் திரைகளும்தான். வெற்றுநேரத்தில் 30 வாட்டுக்குக் கீழே இறங்கும் கணினிக்கு முத்திரை. மறு ஆண்டே, அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் இந்த முத்திரையுள்ள கணினிகளையே வாங்க வேண்டும் என்று ஆணை வந்தது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளரை யார் விடுவார்கள்? கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையின் மூலையில் வந்த எனர்ஜி ஸ்டார் சின்னத்தைச் சேத்தூர் வட்டாரத்தில் பார்த்தவர்களும் இருப்பார்கள்.

1996 இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதித்தொகுப்பை வெளியிட்டன. எப்போது உறங்குவது, எவ்வளவு ஆழமாக உறங்குவது என்ற முடிவு தாய்ப்பலகையிடமிருந்து இயங்குதளத்தின் கைக்கு வந்தது. நாம் இன்று அமைப்புகளில் நிமிடங்களை மாற்ற முடிவது அதனால்தான்.

நிமிடங்களுக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு விதிப்படி, அங்கே விற்கும் கணினி 10 நிமிட வெற்றுநேரத்துக்குள் திரையை அணைக்க வேண்டும். 30 நிமிடத்துக்குள் உறங்க வேண்டும். கடைக்கு வரும்போதே இப்படி அமைந்திருக்க வேண்டும். உலகம் முழுவதற்கும் கணினி செய்பவர்கள் ஊருக்கு ஓர் அமைப்பு வைப்பதில்லை. ஆகவே நம் மேசைக்கு வரும் கணினியில் இருக்கும் நிமிடங்கள், மின்சாரம் அரிதாகவே தடைபடும் நகரங்களின் அலுவலக வாழ்க்கையை மனத்தில் வைத்துக் குறித்தவை.

ஒரு கடையின் கணக்கு

இனி சேத்தூர்க் கடைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினிக்குக் கணினி எண்கள் மாறும். சாதாரண அலுவலகக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். யாரும் தொடாமல் விழித்திருக்கும்போது, எல்லோரும் சி.பி.யு. என்று சொல்லும் பெட்டிக்கு 45 வாட், திரைக்கு 20 வாட். மொத்தம் 65. சிறுதுயிலில் திரையும் பெட்டியுமாக 3 வாட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் நாமும் 60 நாளைக்கே பார்ப்போம்.

முதலில் இரவு. ஒன்பதிலிருந்து ஒன்பது வரை 12 மணி நேரம் மூன்று கணினிகளும் விழித்துக் கிடந்தால், இரவுக்கு 2.34 யூனிட். 60 இரவுக்கு 140 யூனிட். திரை மட்டும் தானாக அணைந்தால் 97 யூனிட். மூன்றும் சிறுதுயிலில் இருந்தால் 6.5 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைவிட அதிகத்தை, பூட்டிய கடைக்குள் மூன்று கணினிகள் வெறுமனே தின்றுவிட முடியும் என்பதைக் கவனியுங்கள். கடை இணைப்புக்கு அந்த இலவசமும் கிடையாது.

அடுத்து பகல். பகலில் ஒவ்வொரு கணினிக்கும் மொத்தம் 5 மணி நேரம் வெற்றுநேரம் என்று கொள்வோம். அது ஒரே துண்டாக வருவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு துண்டு. முக்கால் மணி நேரமாக இரண்டு துண்டுகள். வாடிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே பத்து பத்து நிமிடமாக ஒன்பது துண்டுகள்.

20 நிமிடத்தில் உறங்கும்படி வைத்தால், பத்து நிமிடத் துண்டு ஒன்றில்கூடக் கணினி உறங்காது. பெரிய துண்டில் 100 நிமிடம், நடுத்தரத் துண்டுகளில் 25 நிமிடம் வீதம் இரு முறை. ஆக இரண்டரை மணி நேர உறக்கம். மிச்சம், மூன்று கணினிகளுக்கும் 60 நாளைக்கு 27.9 யூனிட்.

ஐந்து நிமிடமாகக் குறைத்தால்? உறக்கம் நான்கு மணி நேரமாகக் கூடும். மிச்சம் 44.6 யூனிட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு நாளைக்கு மூன்று முறை உறங்கிய கணினி இப்போது பன்னிரண்டு முறை உறங்குகிறது. கூடுதலான ஒன்பது உறக்கமும் வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது கலைபவை. எழுப்ப வேண்டும், கடவுச்சொல் போட வேண்டும், இணைய இணைப்பு திரும்பி வர வேண்டும். நடுவே அரசு இணையதளம் நம்மை வெளியேற்றியிருந்தால் மறுபடி ஓ.டி.பி. வாங்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. திரைக்கு ஐந்து நிமிடம், கணினிக்கு 20 நிமிடம் என்று தனித்தனியாக வையுங்கள். திரை அணைவதால் எந்த வேலையும் நிற்பதில்லை. மவுஸை அசைத்தால் உடனே வந்துவிடும். இப்படி வைத்தால் மிச்சம் 33.3 யூனிட். ஐந்து நிமிட உறக்கத்தைவிட 11 யூனிட்தான் குறைவு. அந்த 11 யூனிட்டுக்காகத்தான் மூன்று கணினிகளிலும் சேர்த்து நாளைக்கு 27 முறை வாடிக்கையாளரைக் காக்கவைக்க வேண்டியிருந்தது.

நிமிடங்களை இறுக்கிப் பிடிப்பதில் கிடைப்பது சொற்பம். நீண்ட துண்டுகளைத் தவறவிடாமல் பிடிப்பதில்தான் சேமிப்பு இருக்கிறது. நம் கடையின் நீண்ட துண்டு இரவு. அதில் மட்டும் 134 யூனிட்.

கரண்ட் போனால்

இதுவரை போட்ட கணக்கில் மின்சாரம் ஒரு முறைகூடப் போகவில்லை. சேத்தூரில் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் தமிழ்நாடு தவித்தது. ராஜபாளையத்து நூற்பாலைகள் முதல் தெருமுனை ஜெராக்ஸ் கடை வரை எல்லோருக்கும் அது மறக்க முடியாத ஆண்டு. இன்வெர்ட்டர் என்பது வீட்டுப் பொருளானது அந்தக் காலத்தில்தான். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் உண்டு. மழைக்காலத்தில் கம்பியில் சாயும் மரக்கிளை உண்டு. மலையடிவாரத்துக் காற்றும் இடியும் உண்டு.

இவற்றில் மிகச் சிறிய தடையைக் கணினி தானே சமாளிக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபாய்கிறது; ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள், முழுச் சுமையிலும் ஏறத்தாழ ஓர் அலை நேரத்துக்குத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு மேல் போனால் கணினி அணைந்துவிடும். இன்வெர்ட்டர் மெதுவாக மாறும் நிலையில் இருந்தால் விளக்கு கண் சிமிட்டுவதோடு சரி, கணினியோ மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சிறுதுயிலில் இருக்கும் கணினிக்கு மின்சாரம் போனால் நிரப்புவோர் இல்லாத 6,870 கோடி மின்தேக்கிகளும் காலியாகிவிடும். வன்தட்டில் சேமித்த கோப்புகளுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. உறங்கப்போகும் முன் இயங்குதளம் எழுத வேண்டியதை எழுதிவிடும். ஆனால் திறந்து வைத்துச் சேமிக்காத படிவம் போனது போனதுதான். மடிக்கணினிக்கு இந்தக் கவலை குறைவு, பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும். சிறிய யு.பி.எஸ்.களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. ஏட்டில் அது 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சினால் கைக்குக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. மெல்ல உறிஞ்சும் சிறுதுயிலுக்கு நீண்டநேரம் தாங்கும் என்றாலும், யு.பி.எஸ். தன் சொந்தச் செலவுக்கும் சில வாட் எடுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் நீளும் மின்தடைக்கு அது ஈடுகொடுக்காது.

இதற்கான தீர்வு 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே இருந்தது. ரேமில் உள்ளதை முதலில் வன்தட்டில் எழுதிவை. பிறகு சிறுதுயிலுக்குப் போ. மின்சாரம் போகாவிட்டால் ரேமிலிருந்து சட்டென்று எழலாம். போய்விட்டால் வன்தட்டிலிருந்து மெதுவாக எழலாம். இதற்கு 'கலப்புத்துயில்' என்று பெயர் வைப்போம். மேசைக் கணினிகளை எண்ணியே செய்யப்பட்ட ஏற்பாடு இது. அமைப்புகளின் உள்ளறையில், ஹைப்ரிட் ஸ்லீப் என்ற பெயரில் இருக்கும். சில புதிய கணினிகளில் பழைய சிறுதுயில் முறையே எடுக்கப்பட்டுவிட்டதால் அங்கே இது தென்படாது. அப்படிப்பட்ட கணினியில், உறங்கி இத்தனை நிமிடம் கழித்துப் பெருந்துயிலுக்கு மாறு என்று சொல்லிவைக்கலாம்.

காது மட்டும் திறந்திருக்கும்

உறங்கும் கணினி எப்படி எழுகிறது? ஏதோ ஒன்று விழித்திருந்து நம் தட்டலைக் கேட்க வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பு அதற்கு வழி செய்தது. அதற்கு முன் கணினியின் பொத்தான் மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச். அதனால்தான் விண்டோஸ் 95, இனி நீங்கள் அணைத்துக்கொள்ளலாம் என்று திரையில் எழுதிவிட்டு நம் விரலுக்காகக் காத்திருந்தது. ஏ.டி.எக்ஸ். வந்தபின் அந்தப் பொத்தான் வெறும் வேண்டுகோள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, சுவரில் இணைந்திருக்கும் வரை 5 வோல்ட் மின்சாரத்தை எப்போதும் ஒரு சிறு கம்பியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். விசைப்பலகை, நெட்வொர்க் சில்லு, கடிகாரம் போன்றவற்றைக் கவனிக்க அது போதும்.

இப்படிக் காதை மட்டும் திறந்துவைத்து உறங்கிய சந்திரயான்-3 நினைவிருக்கும். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி பிரக்யான் ஊர்தியையும், 4-ஆம் தேதி விக்ரம் தரையிறங்கு கலத்தையும் இஸ்ரோ உறங்கவைத்தது. ஏறத்தாழ 14 நாள் நீளும் நிலவின் இரவு தொடங்கவிருந்தது. கருவிகள் எல்லாம் அணைக்கப்பட்டன. அழைப்பை வாங்கும் ஏற்பிகள் மட்டும் திறந்து வைக்கப்பட்டன. விடிந்தபின் செப்டம்பர் 22-ஆம் தேதி அழைத்தபோது பதில் வரவில்லை. அந்த இரவின் கடுங்குளிரைத் தாங்குவதற்கென்று அவை செய்யப்பட்டிருக்கவில்லை. தமிழ்நாட்டின் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் இயக்கிய அந்தத் திட்டம் தன் வேலையை அதற்கு முன்பே முடித்திருந்தது. நிலவிலானாலும் சேத்தூரிலானாலும் உறங்கவைப்பவர் முதலில் முடிவுசெய்வது ஒன்றே: எதை மட்டும் விழித்திருக்க விடுவது?

கணினி இப்படிக் காதைத் திறந்து வைப்பதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஷட்டவுன் செய்த கணினியும் அந்த 5 வோல்ட் கம்பிக்காக இரவெல்லாம் சிறிது மின்சாரம் எடுக்கிறது. இப்படி அணைந்தது போலிருக்கும் கருவிகளின் செலவை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்ற திட்டத்தைப் பன்னாட்டு ஆற்றல் முகமை 1999-இல் முன்வைத்தது. ஐரோப்பாவில் 2013 முதல் பல கருவிகளுக்கு அது அரை வாட். நம் ஊரில் இந்தச் சிக்கலுக்குச் சுவரிலேயே மருந்து இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் பிளக் பாயின்ட்களில் பொதுவாகச் சுவிட்ச் கிடையாது, நம்முடையதில் உண்டு. அதை அணைத்தால் செலவு சுழியம்தான். கணினியின் கடிகாரம் தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 என்ற வில்லை பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அமைப்பு யார் கையில்?

வெற்றுநேரத்தை விசைத்தட்டலால் மட்டும் ஊகிக்கும் முறையை மாற்ற இப்போது முயற்சி நடக்கிறது. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் எதிரே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் உணரிகள் வந்துவிட்டன. எழுந்து போனால் பூட்டிக்கொள்ளும். வந்து உட்கார்ந்தால் விழித்துக்கொள்ளும். கணினியின் அறியாமையை அது குறைக்கும்தான். ஆனால் நாள் முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒன்றை மேசையில் வைப்பது அதற்கான விலை. பகலில் சில யூனிட் மிச்சத்துக்கு அந்த விலை தேவையா என்று நம் கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி.

ஏனெனில் அந்த உணரி கண்டுபிடிக்க முயலும் தகவல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கணினியில் பிரிண்டர் இணைந்திருக்கிறது, எப்போது கூட்டம் வரும், எந்த நாளில் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் என்பதெல்லாம் கணினிக்கு எட்டாதவை. அவருக்குத் தெரிந்தவை. அவற்றை நிமிடங்களாக மாற்றி எழுதும் இடம்தான் இந்த அமைப்புப் பக்கம்.

அப்படி எழுதினால் நம் கடைக்கு இவ்வளவுதான். மூன்று திரைகளுக்கும் ஐந்து நிமிடம். இரண்டு கணினிகளுக்கு 20 நிமிடத்தில் கலப்புத்துயில். மெயின் சிஸ்டத்துக்குப் பகலில் உறக்கம் வேண்டாம். லினக்ஸ் என்றால் முகப்புத் திரையின் தனி அமைப்பையும் பார்த்து மாற்றிவிட வேண்டும். இரவில் ஏதாவது இறங்க வேண்டியிருந்தால் அந்த ஒரு கணினி மட்டும் திரையை அணைத்துக்கொண்டு விழித்திருக்கட்டும். 45 வாட் வீதம் 12 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்; அந்த வேலைக்கு அது நியாயமான கூலி. இறக்க எதுவும் இல்லாத இரவில், ஷட்டரை இழுக்கும் முன் மூன்றையும் ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகலாம். மிச்சத்தின் பெரும்பங்கு அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.